வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் கொழும்பில் வங்கிக் கணக்கு: திறக்கும் முறையும் பணம் போடும் முறையும்

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று நீண்ட காலத்தின் பின் கொழும்புக்கு வரும் எம்மவர்களில் சிலர் வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு பார்க்க வருகிறார்கள். சிலர் ஓய்வுபெற்ற பின் ஆண்டில் சில மாதங்களை இங்கே கழிக்க விரும்புகிறார்கள். வேறு சிலருக்கு வயதான பெற்றோரின் மருந்துச் செலவையும் வீட்டுச் செலவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் இங்கே ஒரு வங்கிக் கணக்குத் தேவைப்படுகிறது. பிறந்த ஊர் இதுவாகவே இருந்தாலும், கையில் கனடாவினதோ பிரித்தானியாவினதோ கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் வங்கி அவர்களை வெளிநாட்டவராகவே நடத்தும்.

கணக்கைத் திறப்பது பெரிய வேலையன்று; ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். பொருந்தாத கணக்கொன்றில், பொருந்தாத வழியில் பணத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சில ஆண்டுகள் கழித்து அதைத் திரும்ப அனுப்பக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இலங்கைச் சட்டத்தில் பணம் உள்ளே வந்த வழியே அது வெளியே போகும் வழியையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே பணத்தை என்றாவது திரும்பக் கொண்டுபோக வேண்டியிருக்குமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும்.

முதலில், சட்டத்தின் முன் நீங்கள் யார்?

வெளிநாட்டு நாணயக் கொடுக்கல் வாங்கல்களை இன்று ஆள்வது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமாகும். 1953ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருந்த பழைய சட்டம் அத்துடன் நீங்கியது. அதன் கீழிருந்த கணக்கு வகைகளும் பெயர் மாறின. வீட்டிலுள்ள மூத்தவர்கள் இன்னமும் "என்ஆர்எஃப்சி கணக்கு" (வதியாதோரின் வெளிநாட்டு நாணயக் கணக்கு) என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் இப்போது புதிய கணக்குத் திறக்கப்படுவதில்லை.

இலங்கைக் குடியுரிமையை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை செய்பவர், இரட்டைக் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உடையவர் என்று மூன்று நிலைகள் உள்ளன. வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற ஒருவர், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றிருந்தாலன்றி, இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். இதை அறியாதவர்கள் இன்னும் பலர் உள்ளனர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாட்டைவிட்டுப் போனவர்களின் அலுமாரிகளில் ஒன்பது இலக்கமும் "வி" எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை பத்திரமாகக் கிடக்கிறது. அதைக் காட்டினால் சாதாரண ரூபாய்ச் சேமிப்புக் கணக்கொன்றைச் சுலபமாகத் திறந்துவிடலாம் என்று உறவினர் யாராவது ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வெளிநாட்டுக் குடிமகன் என்பதை மறைத்து உள்ளூர்வாசியாகக் கையொப்பமிடுவது பொய்யான வெளிப்படுத்தலாகும். அது ஒரு புறமிருக்க, அந்தக் கணக்கில் சேரும் ரூபாயை மீண்டும் டொலராக்கி வெளியே அனுப்ப உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது.

மச்சானின் கணக்கிலோ சித்தப்பாவின் கணக்கிலோ பணத்தைப் போட்டு வைக்கும் பழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. உறவில் நம்பிக்கை இருக்கலாம். ஆனால் சட்டப்படி அது அவருடைய பணம். அவர் இறந்துவிட்டால் அது அவருடைய வாரிசுகளுக்குரிய பணம்.

எந்தக் கணக்கு?

அன்றாடச் செலவுக்கும் சேமிப்புக்கும் ஏற்றது தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு. வங்கி ஊழியர்கள் இதைப் பிஎஃப்சிஏ என்பார்கள். இலங்கையர், இரட்டைக் குடியுரிமையாளர் ஆகியோரோடு, இங்கே வசிக்கும் அல்லது தற்காலிகமாக வந்து தங்கும் வெளிநாட்டவரும் இதைத் திறக்கலாம். டொலர், பவுண், யூரோ போன்ற நாணயங்களில், சேமிப்பாகவோ நிலையான வைப்பாகவோ பணத்தை வைத்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணத்தை இதில் வரவு வைக்கலாம். தேவைப்பட்டபோது ரூபாயாக மாற்றிச் செலவிடலாம். மீதியை வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பலாம். ஆனால் இங்கே கிடைத்த ரூபாயை டொலராக மாற்றி இதில் போட முடியாது. ஒருமுறை ரூபாயாக மாற்றிய பணம் இந்தக் கணக்குக்குத் திரும்பி வராது என்பதால், ஒரு மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவைப்பதே நல்லது.

முதலீடு செய்யும் எண்ணம் இருந்தால் உள்முக முதலீட்டுக் கணக்கு, அதாவது ஐஐஏ, அவசியமாகிறது. கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கு வாங்குவதற்கும், அரசின் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களிலும் முறிகளிலும் பணம் போடுவதற்கும், அடுக்குமாடி வீடு வாங்குவதற்கும் வெளிநாட்டவரின் பணம் இந்தக் கணக்கு வழியாகவே போவது சரியான ஒழுங்காகும். இதை வெளிநாட்டு நாணயத்திலும் வைத்திருக்கலாம், ரூபாயிலும் வைத்திருக்கலாம். இதிலிருந்து எடுத்து முதலீடு செய்த பணம் இலாபத்தோடு இதற்கே திரும்பி வந்து, இங்கிருந்தே வெளிநாட்டுக்குப் போக முடியும் என்பதுதான் இதன் பெரிய பயன்.

வீடு வாங்குபவர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றப்படுவதைத் தடை செய்கிறது. இரட்டைக் குடியுரிமையாளருக்கு அதில் விலக்கு உண்டு. அடுக்குமாடி வீட்டுக்கும் விலக்கு உண்டு. ஆனால் உறுதி முடிப்பதற்கு முன்னரே முழுப் பெறுமதியும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்பது இந்தப் பணவரவைப் பற்றி வங்கி தரும் கடிதத்தைத்தான். பாதிப் பணத்தை இங்குள்ள உறவினரிடம் ரூபாயாகக் கைமாற்றாக வாங்கிக் கட்டியவருக்கு அந்தக் கடிதம் கிடைக்காது.

மூன்றாவதாக, பரம்பரைச் சொத்தை விற்ற பணம். யாழ்ப்பாணத்து வீட்டையோ கொட்டாஞ்சேனைக் கடையையோ விற்ற காசை மேற்சொன்ன இரண்டு கணக்குகளிலும் போட முடியாது, ஏனென்றால் அது வெளியிலிருந்து வந்த பணமல்ல. குடிபெயர்ந்து போனவர்களுக்கு இதற்கென மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாய்க் கணக்கு உள்ளது. அதிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2020ஆம் ஆண்டிற்குப் பின் அந்த வரம்பு பலமுறை மாற்றப்பட்டிருப்பதால், விற்பனை உறுதியில் கையொப்பமிடுவதற்கு முன்னரே அன்றைய வரம்பை வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவர்கள் நீண்டகால விசாவுக்காகத் திறக்கும் சிறப்புக் கணக்கொன்றும் உண்டு. அது விசாவோடு சேர்ந்த விடயம். குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதி கிடைத்த பின்னரே வங்கிக்குப் போக வேண்டும்.

வங்கியும் கிளையும்

அரச வங்கிகளான இலங்கை வங்கி, மக்கள் வங்கி ஆகியவற்றிலும், கொமர்ஷல், ஹட்டன் நஷனல், சம்பத் போன்ற தனியார் வங்கிகளிலும் இந்தக் கணக்குகள் உள்ளன. கொழும்பில் இந்திய வங்கிகளின் கிளைகளும் இயங்குகின்றன. எந்த வங்கி என்பதைவிட எந்தக் கிளை என்பதே முக்கியம் என்பது என் எண்ணம். சிறிய கிளையொன்றில் சாதாரண சேமிப்புக் கணக்கை நன்றாகக் கையாளும் உத்தியோகத்தருக்கு உள்முக முதலீட்டுக் கணக்கைத் திறந்து பழக்கம் இல்லாமல் இருக்கலாம். கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் உள்ள பெரிய கிளைகளில், அல்லது தலைமை அலுவலகத்தின் வெளிநாட்டு நாணயப் பிரிவில், நாள்தோறும் இதையே செய்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தைக் காலி வீதிக் கிளைகளில் தமிழில் பேசி அலுவல் பார்ப்பது எளிது; புலம்பெயர்ந்தவர்கள் நிறையப் பேர் அங்கே வருவதால் அனுபவமும் உண்டு. விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கலாம். கையிருப்பில் இல்லையென்றால் சற்றுக் காத்திருந்தாவது கேளுங்கள்.

வங்கிகள் பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணியளவில் திறந்து பிற்பகல் 3 மணியளவில் கருமபீடத்தை மூடும். ஒவ்வொரு மாதமும் பூரணை நாள் விடுமுறை என்பதை வெளிநாட்டிலிருந்து குறுகிய காலத்துக்கு வருபவர்கள் மறந்துவிடுகிறார்கள். பயணச்சீட்டு எடுக்கும்போதே நாட்காட்டியைப் பாருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

கடவுச்சீட்டின் மூலப்பிரதி, விசாவின் பிரதி, வெளிநாட்டு முகவரியைக் காட்டும் அண்மைய மூன்று மாதங்களுக்குள்ளான கட்டணப் பட்டியல் அல்லது வங்கிக் கூற்று, இலங்கையில் தங்கும் முகவரிக்கான ஆதாரம், வேலை அல்லது ஓய்வூதியம் பற்றிய கடிதம், வெளிநாட்டு வங்கிக் கணக்கின் கடைசி ஆறு மாதக் கூற்று, உங்கள் நாட்டு வரி இலக்கம், இங்கே இயங்கும் கைத்தொலைபேசி இலக்கம் என்பவற்றைக் கொண்டுபோனால் அநேகமாகத் திரும்பிவர நேராது. உறவினர் வீட்டில் தங்குபவரின் பெயரில் மின்சாரப் பட்டியல் இருக்காது. அந்த நிலையில் வீட்டுக்காரரின் கடிதத்தோடு அவருடைய பட்டியலையும் ஏற்கும் வங்கிகள் உள்ளன. சில கிளைகள் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைக் கேட்கும். இரட்டைக் குடியுரிமையாளர் அதற்குரிய சான்றிதழையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

பெயரில்தான் எம்மவர்களுக்கு அதிகம் சிக்கல் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முன்னால் நிற்கும். கனடாக் கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராகிப் பின்னால் போயிருக்கும். அங்குள்ள வங்கி அட்டையில் இடத்தைச் சுருக்குவதற்காக ஒரு எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கும். திருமணமான பெண்களுக்கு இதற்கு மேல் கணவரின் பெயரும் சேர்ந்திருக்கும். கணக்கை எப்போதும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே எழுத்துக்கூட்டலில், அதே வரிசையில் திறக்கச் சொல்லுங்கள். பணம் அனுப்பும் வெளிநாட்டுக் கணக்கிலும் அதே பெயர் இருக்கிறதா என்று புறப்படுவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் பணம் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு விளக்கம் கேட்கப்படும், அல்லது வந்த வழியே திரும்பிப் போகும். இரு பக்கத்துக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

கருமபீடத்தில்

உத்தியோகத்தர் உங்களை அமரவைத்து, பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வரும், எதற்காக என்று கேட்பார். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வங்கி அதைக் கேட்டாக வேண்டும். ஒரு மில்லியன் ரூபாயைத் தாண்டும் காசுக் கொடுக்கல் வாங்கல்களையும் மின்னணுப் பணமாற்றங்களையும் மத்திய வங்கியிலுள்ள நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிப்பதும் வழமையான நடைமுறையே. அறிக்கை போகும் என்பதற்காக ஒன்பது இலட்சம் ஒன்பது இலட்சமாகப் பிரித்துப் போடுவதுதான் உண்மையில் சந்தேகத்தைக் கிளப்பும்.

"சேமிப்பு" என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்லாதீர்கள். "ரொறன்ரோவில் இருந்த என் வீட்டை விற்ற பணம், இங்கே அடுக்குமாடி வீடு வாங்க வருகிறது" என்று சொல்லி, விற்பனை ஆவணத்தின் பிரதியையும் கொடுத்தால் அடுத்த கேள்வி இராது. அமெரிக்கக் குடிமக்களிடமும் அங்கு நிரந்தர வதிவிடம் பெற்றவர்களிடமும் அந்நாட்டு வரிச் சட்டத்துக்கான தனிப் படிவம் ஒன்றில் கையொப்பம் வாங்குவார்கள்.

பின்னுரித்தாளரின், அதாவது உங்களுக்குப் பின் பணத்தைப் பெற வேண்டியவரின், பெயரை அன்றே எழுதிக்கொடுத்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, கணக்குக்காரர் வெளிநாட்டில் இறந்துபோனால், பிள்ளைகள் நீதிமன்றம் வரை போக நேரிடலாம். கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதாயின் "எல்லா அலுவல்களும்" என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கணக்கு, என்னென்ன செய்யலாம், எவ்வளவு வரை எடுக்கலாம் என்பதை வரையறுத்து எழுதுவிக்க வேண்டும்.

எழுந்து வருவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கணக்கின் பெயர், கணக்கிலக்கம், கணக்கின் வகையும் நாணயமும், கிளையின் பெயரும் இலக்கமும், பன்னாட்டுப் பணமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு.

வங்கி வழியாகப் பணம் அனுப்புதல்

வெளிநாட்டு வங்கியின் படிவத்தில் பயனாளியின் ஸ்விஃப்ட் குறியீட்டைக் கேட்பார்கள். இலங்கை வங்கிக்கு அது பிசிஇஒய்எல்கேஎல்எக்ஸ். மக்கள் வங்கிக்குப் பிஎஸ்பிகேஎல்கேஎல்எக்ஸ். ஐந்தாவது ஆறாவது எழுத்துகளான எல், கே இரண்டும் இலங்கையைக் குறிப்பவை. அவை வேறாக இருந்தால் பிழையான குறியீட்டை எழுதுகிறீர்கள் என்று பொருள். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள படிவங்களில் "ஐபான்" எனப்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கிலக்கம் கேட்கும் கட்டம் வரும். இலங்கை அந்த முறையைப் பயன்படுத்துவதில்லை. அங்கே வெறும் கணக்கிலக்கத்தை எழுத வேண்டும். இணையப் படிவம் அதை ஏற்க மறுத்தால் வங்கிக் கிளைக்கு நேரில் போய் அனுப்புவதே வழி.

கட்டணத்தை யார் ஏற்பது என்று மூன்று தெரிவுகள் இருக்கும்: எல்லாவற்றையும் அனுப்புபவர் ஏற்பது, இருவரும் பகிர்வது, பெறுபவர் ஏற்பது. பணம் நேராகக் கொழும்புக்கு வருவதில்லை. இடையில் நியூயோர்க்கிலோ இலண்டனிலோ உள்ள ஓர் இடைத்தரகு வங்கி வழியாக வரும். அதுவும் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். வீட்டு விலைபோல ஒரு குறித்த தொகை குறையாமல் வந்து சேர வேண்டுமானால் முதல் தெரிவையே எடுங்கள். அப்படியும் சிறு தொகை குறையக்கூடும் என்பதால் சற்றுக் கூட்டியே அனுப்ப வேண்டும்.

நோக்கத்தை எழுதும் கட்டத்தை வெறுமையாக விடவோ "குடும்பம்" என்று எழுதிவிடவோ கூடாது. முதலீட்டுக் கணக்குக்கு அனுப்பினால் முதலீட்டுக்காக என்றும், கணக்கின் வகையையும் சேர்த்தும் எழுதுங்கள். முதல் முறை ஒரு சிறு தொகையை, நூறோ இருநூறோ டொலரை, அனுப்பிப் பாருங்கள். அது சரியான கணக்கில், சரியான நாணயத்தில் வந்து விழுந்ததா, அல்லது கிளையிலுள்ளவர்கள் தாமாகவே ரூபாயாக மாற்றிவிட்டார்களா என்பது தெரிந்த பின்னரே பெருந்தொகையை அனுப்ப வேண்டும். பணம் வந்ததும், அனுப்பிய வங்கியிடமிருந்து அந்தப் பணமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் செய்தியின் (2025 நவம்பர் வரை எம்டி103 எனப்பட்டது) பிரதியையும், இங்குள்ள வங்கியிடமிருந்து பணவரவுக் கடிதத்தையும் கேட்டுப் பெற்று, உறுதிகள் வைக்கும் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து வீட்டை விற்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்த இரண்டு தாள்களே.

கைத்தொலைபேசியிலுள்ள பணம் அனுப்பும் செயலிகள் மலிவானவை, வேகமானவை. அம்மாவின் செலவுக்கு அனுப்ப அவற்றைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அவற்றில் பல, கொழும்பில் பணத்தை ரூபாயாகவே உள்ளூர்ப் பணமாற்று முறை வழியாகக் கொடுக்கின்றன. அவ்வாறு ரூபாயாக வந்த பணத்தை வெளிநாட்டு நாணயக் கணக்கில் வரவு வைக்க முடியாது. முதலீட்டுப் பணத்தை ஒருபோதும் அந்த வழியில் அனுப்ப வேண்டாம்.

கையில் கொண்டுவரும் காசு

மொத்தமாக 15,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள வெளிநாட்டு நாணயத்தைக் கொண்டுவருபவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சிவப்பு வழியால் சென்று சுங்கத்திடம் வெளிப்படுத்த வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தாலும், திரும்பிப் போகும்போது 10,000 டொலருக்கு மேல் தாள்களாகக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வெளிப்படுத்தியே ஆக வேண்டும். சுங்க உத்தியோகத்தர் தாள்களை எண்ணிப் பார்த்து, படிவத்தில் தொகையை எழுதி முத்திரையிட்டுத் தருவார். அந்த மூலப்பிரதியை வங்கியில் காட்டுங்கள். கையளித்துவிட்டு வராதீர்கள், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சொல்லுங்கள். தாள்களுக்கு வங்கி தரும் மாற்றுவிகிதம் வங்கி வழி வரும் பணத்துக்கான விகிதத்தைவிடப் பொதுவாகக் குறைவு. கிழிந்ததும் மை பட்டதுமான தாள்களை ஏற்கவும் மாட்டார்கள்.

செட்டியார் தெருப் பக்கத்திலும் காலி வீதியிலும் உள்ள நாணயமாற்றுக் கடைகளில் சில்லறைச் செலவுக்கு மாற்றலாம். மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று பார்த்து, பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

உண்டியல்

இதை எழுதாமல் விட்டால் கட்டுரை நிறைவுறாது. வெளிநாட்டில் ஒருவரிடம் டொலரைக் கொடுக்க, இங்கே வேறொருவர் வீட்டு வாசலில் ரூபாயைக் கொண்டுவந்து தரும் முறையை எம்மவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். டொலர் தட்டுப்பாடு நிலவிய 2021, 2022ஆம் ஆண்டுகளில் வங்கியைவிட அதில் விகிதம் கூடுதலாகக் கிடைத்ததால் பலர் அந்தப் பக்கம் போனார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, அந்தப் பணம் இலங்கைக்கு வந்ததற்கே எந்தப் பதிவும் இராது. வீடு வாங்கவும் அது உதவாது, திருப்பி அனுப்பவும் முடியாது. உங்களுக்குத் தெரியாத ஒருவரின் குற்றப்பணம் உங்கள் கணக்கில் வந்து விழுந்தால் விசாரணைக்கு முகம் கொடுக்க வேண்டியவரும் நீங்களே.

வட்டி, வரி, பாதுகாப்பு

ரூபாய் வைப்புகளுக்கு வட்டி கூடுதலாக இருப்பதைக் கண்டு மயங்குபவர்கள், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த விகிதம் சில மாதங்களில் 350ஐத் தாண்டியதை நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே செலவிடப்போகும் பணத்தை ரூபாயில் வைக்கலாம். திருப்பிக் கொண்டுபோகும் பணத்தை வந்த நாணயத்திலேயே வைப்பதுதான் என் தெரிவு. பெருந்தொகையை மாற்றுவதானால் பலகையில் உள்ள விகிதத்தை அப்படியே ஏற்காமல், முகாமையாளரிடம் சிறப்பு விகிதம் கேளுங்கள், அநேகமாகத் தருவார்கள்.

ரூபாய் வைப்பு வட்டியில் பிடித்துவைக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்கு 10 ஆக உயர்ந்தது. வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரையே பாதுகாப்பு உண்டு. அதற்கு மேற்பட்டதை ஒரே வங்கியில் குவிக்க வேண்டுமா என்று யோசியுங்கள். வசிக்கும் நாட்டிலும் கடமைகள் உண்டு. கனடாவில் வெளிநாட்டுச் சொத்துகளின் கொள்விலை மொத்தமாக 1,00,000 கனேடிய டொலரைத் தாண்டினால் டி1135 படிவம் நிரப்ப வேண்டும். அமெரிக்காவில் வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் எப்போதாவது 10,000 டொலரைத் தாண்டினாலே அறிவிக்க வேண்டும்.

திரும்பிப் போன பின்

இணைய வங்கிச் சேவையின் ஒருமுறைக் கடவுச்சொல் இலங்கைக் கைத்தொலைபேசி இலக்கத்துக்கு வரும்படி பதிந்துவிட்டு, அந்த சிம் அட்டைக்குப் பணம் போடாமல் விட்டு அது செயலிழந்துபோவது அடிக்கடி நடக்கிறது. வெளிநாட்டு இலக்கத்துக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்ப முடியுமா என்று கணக்குத் திறக்கும் நாளிலேயே கேட்டு, கிளையில் இருக்கும்போதே ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். நீண்ட காலம் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக வகைப்படுத்திவிடும். மீண்டும் இயக்குவதற்கு நேரில் வரச் சொல்வார்கள். பத்து ஆண்டுகள் தொடாமல் விட்ட வைப்புகள் மத்திய வங்கிக்கு மாற்றப்படும். உரிமை கோரி மீளப் பெறலாம் என்றாலும் கடிதப் போக்குவரத்து நீளும். ஆண்டுக்கொரு தடவை சிறு தொகையொன்றைப் போட்டோ எடுத்தோ வைத்தால் இந்த வேலை வராது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் புதிய இலக்கத்தின் பிரதியையும், வீடு மாறியவர்கள் புதிய முகவரியையும் கிளைக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும்.